ஆறுகள் குட்டைகளான ஆண்டு

1934இல் தென்மேற்குப் பருவமழை இலங்கையைக் கைவிட்டது. கரைபுரண்டு ஓட வேண்டிய மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் நாளுக்கு நாள் மெலிந்து, மணல்திட்டுகளுக்கும் பாறை இடுக்குகளுக்கும் நடுவே தேங்கிய குட்டைகளாயின. அக்டோபர் கடைசியில் குருநாகல், கேகாலைப் பக்கத்து மருந்தகங்களில் குளிர்நடுக்கத்தோடு வருவோர் கூட்டம் திடீரெனப் பெருகியது. அடுத்த சில மாதங்களில், சுமார் 55 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்தத் தீவில் ஏறத்தாழ 15 லட்சம் பேரை மலேரியா படுக்கையில் தள்ளியது. இறந்தவர்கள் சுமார் 80,000 பேர். அவர்களில் கைக்குழந்தைகளும் சிறுவர்களும் ஏராளம்.

மழை கூடினால் நுளம்பு கூடும், நுளம்பு கூடினால் காய்ச்சல் வரும் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். பஞ்சாபில் அது உண்மையாகவே இருந்தது. 1908இல் அங்கே பருவமழை கொட்டித் தீர்த்தது. வயல்வெளிகளில் நீர் தேங்கி நின்றது. மழை ஓய்ந்ததும் பரவிய காய்ச்சலுக்குச் சுமார் 3 லட்சம் பேர் பலியானார்கள். அமிர்தசரஸ் நகரில் வேலைக்குப் போக ஆளின்றி அன்றாட வாழ்க்கையே முடங்கியது. இலங்கையின் தென்மேற்குப் பகுதியிலோ கதை தலைகீழ். மழை தவறாமல் பெய்த ஆண்டுகளில் ஊர் நலமாக இருந்தது. மழை பொய்த்தால்தான் காய்ச்சல் வந்தது. இத்தனைக்கும் இரண்டு இடங்களிலும் நோயைப் பரப்பியது ஒரே இன நுளம்பு: அனோபிலிஸ் கியூலிசிபாசீஸ்.

இந்த நுளம்பு சாக்கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தெளிந்த, வெயில் படுகிற, அசையாத தண்ணீர்தான் அதற்கு வேண்டும். ஆற்றுமணலில் மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்தில் உள்ளங்கையளவு நீர் நின்றாலும் போதும். மற்ற நுளம்புகளின் குடம்பிகள் நீருக்குள் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பியோ நீர்ப்பரப்பை ஒட்டி மட்டமாகப் படுத்துக் கிடக்கும். ஆறு பாயும் காலத்தில் வெள்ளம் இவற்றையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். பாய்ச்சல் நின்றுவிட்டால் ஆற்றுப்படுகை முழுவதும் நுளம்புக்கு நாற்றங்கால்தான். பஞ்சாபின் சமவெளியில் அத்தகைய குட்டைகளை மழை உண்டாக்கியது. மகா ஓயாவின் கரையில் அவற்றை வறட்சி உண்டாக்கியது.

வெப்பமும் தன் பங்குக்கு எல்லை வகுத்தது. கொடிய வகை மலேரியாவின் ஒட்டுண்ணி நுளம்பின் உடலுக்குள் வளர்ந்து முதிர 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கிட்டத்தட்ட 12 நாள் பிடிக்கும். நுளம்பின் ஆயுளே சில வாரங்கள்தான். குளிர் கூடக்கூட ஒட்டுண்ணியின் வளர்ச்சி மந்தமாகி, சுமார் 18 டிகிரிக்குக் கீழே நின்றேபோகும். நுவரெலியாவைச் சுற்றிய உயரமான தேயிலைத் தோட்டங்களில் மலேரியா காலூன்ற முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

அநுராதபுரம் போன்ற உலர் வலயப் பகுதிகளில் மலேரியா ஆண்டு முழுவதும் இருந்தது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி மருத்துவர்கள் பார்ப்பார்கள். வீங்கிய மண்ணீரல் கையில் தட்டுப்படும். எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி என்பதை வைத்தே ஊரில் மலேரியா எவ்வளவு வேரோடியிருக்கிறது என்று கணித்தார்கள். குழந்தைப் பருவத்தைத் தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அந்த எதிர்ப்புச் சக்தி இல்லாத ஈர வலயத்து மக்கள்மீதுதான் 1934இன் காய்ச்சல் பாய்ந்தது.

பட்டினி வேறு சேர்ந்துகொண்டது. உலகப் பெருமந்தத்தில் ரப்பரும் தேங்காயும் விலை விழுந்து கிடந்தன. வறட்சியில் வயலும் காய்ந்தது. கொள்ளைநோயின் காரணங்களை ஆராய வந்த கர்னல் கில்லுக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல. பஞ்சாபில் பணியாற்றியபோது மழையளவு, மண்ணீரல் கணக்கு ஆகியவற்றோடு தானிய விலையையும் சேர்த்துப் பார்த்தே அடுத்த காய்ச்சல் எங்கே வரும் என்று முன்கூட்டிக் கணிக்க முயன்றவர் அவர்.

கேகாலைக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து போனவர்களில் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சூரிய மல் இயக்கத்து இளைஞர்களும் இருந்தார்கள். வீடுவீடாகப் பருப்புக் கொடுத்த என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தயா’ (பருப்பு ஐயா) என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. 1935 டிசம்பரில் இவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டுத் தேர்தலில் பெரேரா ருவன்வெல்லையிலும் அவருடைய தோழர் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்தது. வீட்டுச் சுவர்களில் அதைத் தெளித்ததில் நோய் மளமளவென்று இறங்கி, 1963இல் தீவு முழுவதற்கும் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலை வந்தது. வெற்றி உறுதி என்று நம்பித் தெளிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. மறுபடி டிடிடியை எடுத்தபோது நுளம்பு அதற்கு அசைந்து கொடுக்கவில்லை. 1987இலும் நோயாளர் தொகை 6 லட்சத்துக்கு மேல் போனது.

பிறகு சில ஆய்வாளர்கள் மருந்தை விட்டுத் தண்ணீரின் பக்கம் திரும்பினார்கள். 1990களில் ஹுருலுவெவ பகுதியில், யான் ஓயாவில் குட்டைகள் உருவாகாதபடி நீர்மட்டத்தைப் பேண முடியுமா என்று பார்த்தார்கள். வறண்ட மாதங்களில் ஓடையின் நீர்மட்டம் ஓர் அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் குடம்பிகள் பெருக இடமிராது என்று தெரிந்தது. பாசனத்துக்கு விடும் நீரின் அளவையும் நேரத்தையும் சற்றே மாற்றினால் செய்துவிடக்கூடிய வேலைதான் அது.

உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் இன்னொரு நுளம்பு சிக்கியது. சென்னையின் கிணறுகளிலும் மாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் வளர்ந்து, நகரத்து மலேரியாவைப் பரப்பிவந்த அனோபிலிஸ் ஸ்டீபன்சி அது. அதற்கு ஆறு வேண்டாம், குட்டையும் வேண்டாம். வறட்சிக்கு அஞ்சி மனிதர் சேமித்து வைக்கும் நீரிலேயே அது முட்டையிடும். மன்னாரில் சுகாதாரப் பணியாளர்கள் இப்போது வீட்டுக் கிணறுகளுக்குள் குடம்பி தேடுகிறார்கள்; குடம்பி தின்னும் மீன்களை அவற்றில் விடுகிறார்கள்.