களத்து மரக்கால்

காவேரி பாயும் தஞ்சை ஜில்லாவில் செல்வருக்கும் ஏழைக்கும் இடையே கிடந்த தூரத்தை வேலிக் கணக்கில் சொல்வோர் உண்டு. ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் கொண்ட வேலியை அலகாக வைத்து, நூற்றுக்கணக்கான வேலிக்கு அதிபதியான மிராசுதாரையும், குடிசை நின்ற மனையில்கூடப் பாத்தியதையற்ற பண்ணையாளையும் எதிரெதிரே நிறுத்திவிட்டால் கணக்குத் தீர்ந்ததென்பது அவர்கள் எண்ணம். எனக்கோ அந்தத் தூரம் மரக்காலில்தான் துலக்கமாகத் தெரிகிறது.

பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கதிர் அறுத்து, கட்டுச் சுமந்து, போரடித்து, பதர் தூற்றிய நெல் களத்தில் பொலியாகக் குவிந்ததும், அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று மங்களகரமாகத் தொடங்குவார். யாருக்கு லாபம் என்று, ஓரத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்ற பண்ணையாள் கேட்டதில்லை. பெரும்பாலும் தீண்டாதவரென ஒதுக்கப்பட்ட சேரி ஜனங்களே அவர்கள். வாய் திறந்தால் சவுக்கடியும் சாணிப்பாலும் காத்திருந்தன. சாணியைக் கரைத்து வலுக்கட்டாயமாகப் புகட்டும் தண்டனைக்குப் பால் என்று பெயர் சூட்டிய மனத்தின் விகாரத்தை என்னென்பது! வரவுக்கு ஒரு மரக்கால், கூலிக்கு வேறொரு மரக்கால் என்ற புகாரும், கூலி நெல்லைத் தலைதட்டி அளக்கும் வழக்கமும் வேறு.

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாச ராவ் 1940களில் இங்கு வந்து சேரிகளிலேயே உண்டு உறங்கி விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டிய பின், 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தியதோடு, கூலியை முத்திரை மரக்காலால் அளக்கவேண்டும் என்றும் விதித்தது. முதுகின் காயத்தோடு அளவையின் முத்திரையையும் ஒரே காகிதத்தில் எழுத நேர்ந்ததே, இரண்டும் ஒரே அநீதியின் அங்கங்கள் என்பதற்கு அத்தாட்சி.

1952-ல் ராஜாஜி மந்திரிசபை பண்ணையாள் பாதுகாப்புக்குச் சட்டம் செய்தது. எனினும் நெற்கூலித் தகராறு ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், குடிசையொன்றில் ஒளிந்திருந்த பெண்டு பிள்ளைகள் உட்பட 44 பேர் தீக்கிரையானார்கள்.

கல்யாண வீடுகளில் மரக்காலைத் துலக்கி நெல் நிறைத்துக் குத்துவிளக்கின் அருகே வைப்பதுண்டு. தலைதட்டாமல், கூம்பாகக் குவித்து.