நான்கு சக்கரம் திரும்பக் கற்ற கதை

சாலை முனையில் ஒரு கார் திரும்பும்போது அதன் முன்சக்கரங்களை உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு திரும்புவதில்லை. வளைவின் உட்பக்கச் சக்கரம் சற்று அதிகம் திரும்பியிருக்கும். அது சிறு வட்டத்தில் ஓட, வெளிச்சக்கரம் பெரு வட்டத்தில் ஓட வேண்டியிருப்பதே காரணம். இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பினால் ஏதேனும் ஒன்று சரியாக உருளாமல் தரையில் தேய்ந்துகொண்டே செல்லும்.

பழைய குதிரை வண்டிகளில் முன்னச்சு முழுவதும் நடுவிலிருந்த ஒரு முளையைச் சுற்றித் திரும்பியது. அச்சு திரும்பத் திரும்ப வண்டியைத் தாங்கும் பரப்பு குறுகும். கூரிய வளைவில் வண்டி குடை சாயும். ம்யூனிக் நகரில் வண்டி செய்துவந்த கேயார்க் லாங்கன்ஸ்பெர்கர் 1816இல் இதற்கு வழி கண்டார். அச்சை அசையாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனி முளையில் திரும்பச் செய்தார். 1818இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன் என்ற பதிப்பாளர். வழி கண்டவர் ஒருவர். பெயர் நிலைத்ததோ இன்னொருவருக்கு!

இந்த முறை பரவலாகவில்லை. 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்சின் முதல் மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். நான்கு சக்கர வண்டியைத் திருப்பும் வழி எதுவும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1893இல்தான் அச்சுமுளைத் திருப்பத்துக்குக் காப்புரிமை பெற்று, 'விக்டோரியா' என்ற நான்கு சக்கரக் காரை வெளியிட்டார்.

அக்காலக் கார்கள் பலவற்றில் படகின் சுக்கான் போன்ற கைக்கோலே இருந்தது. சக்கரம் கல்லில் மோதினால் கோல் கையை உதறும். 1894இல் பாரிஸ் – ரூவான் போட்டியில் ஆல்ஃபிரெட் வாஷெரோன் கோலுக்குப் பதில் ஸ்டியரிங் சக்கரம் பொருத்திய காரை ஓட்டினார். பின்னாளில் ஸ்டியரிங்குடன் பற்சக்கரங்கள் சேர்ந்தபோது, கைவிசை பெருகியது. சாலை அதிர்ச்சி குறைந்தது.

இன்றைய ஸ்டியரிங் கோளாறுகளும் இந்த வரலாற்றையே நினைவூட்டுகின்றன. ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பியும் சக்கரம் அசையவில்லையா? 'பிளே' அதிகம் என்பார் மெக்கானிக். இணைப்பு மூட்டுகள் தேய்ந்திருக்கலாம். கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். காற்று சரியாக இருந்தும் டயரின் ஓரம் மட்டும் தேய்கிறதா? சக்கரக் கோணம் பிசகியிருக்கக்கூடும். அன்றைய வண்டித் தச்சரை யோசிக்க வைத்த கணக்கு, இன்று டயர் ஓரத்தில் தெரிகிறது!