எல்லும் யாவும்

எலியா என்ற பெயர் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பழகிப்போன பெயர். அதை வைத்திருப்பவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு முழு வாக்கியத்தைச் சுமந்து திரிகிறோம் என்பது தெரியாது. எபிரேயத்தில் ‘எலி’ என்றால் என் கடவுள். ‘யா’ என்பது யாவே என்ற தனிப்பெயரின் சுருக்கம். சேர்த்தால், ‘என் கடவுள் யாவே.’ ஒருவர் இப்படி அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் வேறு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றுதானே அர்த்தம்? விவிலியத்து எலியா பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளோடு மல்லுக்கு நின்றதும் அதற்காகத்தான்.

முதலில் ‘எல்’, அதாவது கடவுள். செமித்திய மொழிகளின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. அக்காதியத்தில் இலு, எபிரேயத்தில் எல், எலோகிம், அரபியில் இலாஹ்: எல்லாம் ஓரினம். நம் சங்க இலக்கியத்திலும் ‘எல்’ உண்டு. ஒளி, பகல் என்று பொருள். இரண்டையும் முடிச்சுப்போட ஆசைப்படுவோர் உண்டு. ஓசை ஒத்துப்போவது உறவாகிவிடாது.

1928இல் சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா அருகே ஓர் உழவரின் கலப்பை பழைய கல்லறை ஒன்றில் இடித்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு அகழாய்வாளர்கள் வந்து தோண்ட, உகாரித் என்ற நகரமும் அதன் களிமண் ஏடுகளும் வெளிப்பட்டன. அந்த ஏடுகளில் எல் பொதுச்சொல்லாக மட்டும் இல்லை. ஆள் பெயராகவும் இருக்கிறது. நரைத்த தாடிக்காரர், தெய்வங்களின் தகப்பன், அதிரத் என்பவளின் கணவர். இடியும் மழையுமான பாகால் அடுத்த தலைமுறை. நம்மூரில் ‘அம்மன்’ பொதுச்சொல்லாகவும் இருக்கும், அந்தந்த ஊர்த் தெய்வத்தின் பெயராகவும் இருக்கும். அதுபோலத்தான். பாகாலும் அப்படியே, அந்தச் சொல்லுக்கு உடையவன், ஆண்டவன் என்று பொருள்.

இப்போது ‘இஸ்ரயேல்’ என்ற பெயரைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கடைசியில் இருப்பது எல், யா அல்ல. எகிப்திய மன்னன் மெர்னெப்தா கி.மு. 1208ஐ ஒட்டி நிறுத்திய வெற்றிக் கல்லில் அந்த மக்களின் பெயர் முதன்முதலாக வருகிறது. யாவேயை வழிபட்ட மக்கள் என்று நாம் அறிந்தவர்கள், பெயரளவில் எல்லின் மக்கள். யாவே பிறகு வந்து சேர்ந்தவர், தெற்கிலிருந்து, ஏதோம், சேயீர் பக்கத்து வறண்ட மலைகளிலிருந்து என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விவிலியத்தின் மிகப் பழைய பாடல்களும் அவர் அந்தத் திசையிலிருந்து நடந்து வருவதாகவே சொல்கின்றன. யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்தில் கடவுளே மோசேயிடம் கணக்கை நேர்செய்கிறார்: முன்னோர்களுக்குத் தம்மை எல் ஷத்தாய் என்று காட்டியதாகவும், யாவே என்ற பெயரால் அறிவிக்கவில்லை என்றும். எனக்கு இது இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த இடமாகத் தெரிகிறது. தையல் நேர்த்திதான், ஆனால் நூல் தெரிகிறது.

இன்னொரு நூல் உபாகமம் 32இல். உன்னதர் நாடுகளைப் பங்குபோட்டுக் கொடுக்கிறார். யாவேயின் பங்கு யாக்கோபின் மக்கள். எந்தக் கணக்கில் பங்கு? வழக்கமான எபிரேயப் பாடத்தில் ‘இஸ்ரயேல் புத்திரர்’ எண்ணிக்கைப்படி. சாக்கடலோரத்துக் கும்ரான் குகைத் துணுக்கிலோ ‘தேவ புத்திரர்’ எண்ணிக்கைப்படி. பழைய பாடம் கும்ரானுடையது என்பதே பெரும்பாலோர் முடிவு. அதாவது இது ஒரு பாகப்பிரிவினை: மூத்தவர் பிரித்துக் கொடுக்க, மகன்களில் ஒருவருக்கு வந்தது ஒரு காணி. பின்னால் யாரோ ஒரு படியெடுப்பாளர் ஒரே சொல்லை மாற்றிச் சொத்துப் பத்திரத்தையே திருத்திவிட்டார்.

ஊருக்கொரு சாமி என்ற இந்த ஏற்பாடு அண்டை நாட்டிலும் அப்படியே இருந்தது. மோவாபு மன்னன் மேசா கி.மு. 840 வாக்கில் வெட்டிய கல்லில், தன் தெய்வமான காமோசின் தயவால் இஸ்ரயேலை வென்றதாகவும், யாவேயின் பாத்திரங்களைக் காமோசின் முன் இழுத்துவந்ததாகவும் பீற்றிக்கொள்கிறான். யாவே இல்லை என்று அவன் சொல்லவில்லை. தோற்றார் என்கிறான், அவ்வளவுதான்.

யாவே தனியாகவும் இருக்கவில்லை. சினாய்ப் பாலைவனத்தில் குந்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975, 76இல் கிடைத்த பெரிய ஜாடிகளில், கி.மு. 800ஐ ஒட்டிய எழுத்தில், ‘சமாரியாவின் யாவே, அவருடைய அசேரா’ பேரால் வாழ்த்து எழுதியிருக்கிறது. அசேரா என்பது தேவியா, அவளுக்கு நட்ட மரக்கம்பமா என்று இன்னும் வாதிடுகிறார்கள். கம்பம் என்றாலும் அது யாருடைய கம்பம் என்ற கேள்வி போகாது. எருசலேம் கோயிலுக்குள்ளேயே ஓர் அசேரா இருந்தது, கி.மு. 622இல் யோசியா மன்னன் அதை வெளியே கொண்டுவந்து எரித்ததாக விவிலியமே சொல்கிறது.

திருப்பம் ஒரு தோல்வியில் நேர்ந்தது. கி.மு. 586இல் பாபிலோன் எருசலேமை இடித்தது. மேசாவின் கணக்குப்படி பாபிலோனின் தெய்வமான மார்துக் வென்றார், யாவே தோற்றார். நாடுகடத்தப்பட்டவர்களிடையே ஒருவர் வேறு கணக்குப் போட்டார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஏசாயா நூலின் 40 முதல் 55 வரையான அதிகாரங்கள் அவருடையவை என்பது ஆய்வாளர் வழக்கு. பாபிலோனை ஏவியதும் யாவேதான், அதை வீழ்த்தப் பாரசீக மன்னன் கோரேசை அழைப்பதும் அவரேதான், மற்றவை மரமும் உலோகமும். ‘எங்கள் கடவுள் பெரியவர்’ என்பது அங்கேதான் ‘வேறு கடவுளே இல்லை’ என்று மாறியது.

எல்லோருக்கும் ஒரே நாளில் இந்தச் சேதி எட்டிவிடவில்லை. நைல் நதித் தீவான எலிபண்டைனில் பாரசீகருக்குக் காவல் இருந்த யூதப் படைவீரர்கள், கி.மு. 400ஐ ஒட்டிய காணிக்கைப் பட்டியலில், யாகோவுக்கு, அதாவது யாவேக்கு, வசூலான வெள்ளியோடு அனத்பெத்தேல் என்ற தேவிக்கும் ஒரு தொகை எழுதியிருக்கிறார்கள்.

புதிய கருத்துக்குப் புதிய சொல் உண்டாகவில்லை. பழைய ‘எலோகிம்’தான். வடிவத்தில் அது பன்மை, கடவுளர். ஆனால் இஸ்ரயேலின் கடவுளைக் குறிக்கும்போது ஒருமை வினை கொள்ளும். ஆதியாகமத்தின் முதல் வரியிலேயே அப்படி. நாம் மரியாதைக்குப் பன்மை போட்டால் வினையும் ‘வந்தார்’ என்று கூடவே உயரும். எபிரேயத்தில் பெயர் பன்மையாக இருக்க வினை ஒருமையாகவே நிற்கிறது.

யாவே என்ற பெயரோ மெல்ல மௌனமாயிற்று. ஏடுகளில் நான்கு மெய்யெழுத்துகளாக எழுதுவார்கள். வாய் ‘அதோனாய்’, என் ஆண்டவர், என்று வாசிக்கும். புனிதத்தின் மீதான அச்சம் என்பது வழக்கமான விளக்கம். நான் இன்னொன்றும் சேர்ப்பேன்: பெயர் என்பது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்ட. வேறொருவர் இல்லையென்றான பின் பெயருக்கு என்ன வேலை? பிற்காலத்தில் உயிர்க்குறி இட்டவர்கள் அந்த நான்கு எழுத்தின் மேல் அதோனாயின் குறிகளைப் போட்டார்கள். கிறிஸ்தவ அறிஞர்கள் இரண்டையும் கூட்டிப் படிக்க ‘யெகோவா’ பிறந்தது. நம் பழைய விவிலியத்தில் பெரும்பாலான இடங்களில் அது ‘கர்த்தர்’. மிகச் சில இடங்களில் மட்டும் ‘யேகோவா’. எலோகிமுக்குத் தமிழ் தேடிய விவிலிய மொழிபெயர்ப்பாளர்களும் அலைந்தார்கள்: சீகன்பால்குவுக்குச் சர்வேசுரன், பப்ரிசியசுக்குப் பராபரன், பிறகு தேவன், பிறகு கடவுள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. எல்லுக்கு இருந்ததுபோல.

மௌனத்திலிருந்து ஒரு சிறு துண்டு மட்டும் தப்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பாடகர்குழு பாடும் ‘அல்லேலூயா’வுக்கு ‘யாவைப் போற்றுங்கள்’ என்று பொருள். நான்கெழுத்தைக் கண்டதும் அதோனாய் என்று மாற்றி வாசிக்கும் யூதர்களும், வழிபாட்டில் இந்தச் சொல்லின் வாலை மாற்றுவதில்லை.