இரண்டு ஊசிகளுக்கு நடுவே 12 மணி நேரம்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது வழக்கம். 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் செய்து காட்டிய முறை இது. காலில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க வயிற்றுத் தோலில் இன்னொரு ஊசி உண்டு. அதன் பெயர் இனாக்ஸபாரின். இரண்டும் நல்லவைதான். சேர்ந்தால்?

முதுகில் போகும் ஊசி சிறு ரத்தக்குழாயைக் கீறலாம். சாதாரணமாகத் தானே உறைந்துவிடும். மருந்தின் வேகத்தில் உறையாவிட்டால் ரத்தம் அங்கேயே தேங்கும். சுற்றிலும் எலும்பு, விரிய இடமில்லை. தண்டுவடம் நசுங்கும். சில மணி நேரத்துக்குள் கவனிக்காவிட்டால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம்.

ஐரோப்பாவில் 1980களிலிருந்தே நாளுக்கு ஒருமுறை 40 மி.கி. போட்டார்கள். விபத்து மிக அபூர்வம். 1993-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது 30 மி.கி., இரண்டு வேளை! மருந்தின் வேகம் தணியும் இடைவெளி குறைந்தது. 1997 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தபோது 30-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலும் வயதான பெண்கள்.

1998-ல் அமெரிக்க மயக்க மருத்துவர்கள் கூடி விதி வகுத்தார்கள். தடுப்பு டோஸ் போட்டால் 10-12 மணி நேரம் கழித்தே முதுகில் ஊசி. மரப்பு மருந்துக்காக முதுகில் வைத்த குழாயை எடுக்கும்போதும் அதே கவனம்.

மருந்தையும் விடவில்லை, முதுகு ஊசியையும் விடவில்லை. கடிகாரத்தைப் பார்க்கக் கற்றார்கள், அவ்வளவுதான். வீட்டுப் பெரியவர்களுக்கு ஆபரேஷன் என்றால், கடைசி ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எது, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள் நண்பர்களே!