திறந்து காட்டிய டிக்கியும் தானாக மூடாத டிக்கியும்

மோட்டார் வாகனத்தின் பின்புறப் பெட்டியை ஆங்கிலேயர் ஒரு பெயரால் அழைப்பர். அமெரிக்கர் இன்னொரு பெயரால் அழைப்பர். நாம் இருவரையும் பின்பற்றாமல் ‘டிக்கி’ என்கிறோம். இது நாமாக உருவாக்கிய சொல் அன்று. குதிரை வண்டிகளின் பின்னால் வேலையாள் அமர்வதற்கென இருந்த இருக்கைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் அது. 1920களிலும் 1930களிலும் வந்த இருவர் செல்லும் கார்களின் பின்புறத்தில் மூடியைத் திறந்தால் ஓர் இருக்கை விரியும். அதற்கும் அதே பெயரே வழங்கியது. காலப்போக்கில் அந்த இருக்கை மறைந்து, அதன் இடத்தைப் பொதிகள் பிடித்துக்கொண்டன. பிறந்த நாட்டில் பெரும்பாலும் வழக்கொழிந்த அச்சொல் இலங்கையிலும் இந்தியாவிலும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

டிக்கிக்கு ஒரு வரலாறு உண்டா என வாசகர்கள் கேட்கக்கூடும். வட இலங்கையில் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். அங்கு ஒரு தலைமுறையின் வாழ்வில் டிக்கி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதற்குக் கணக்கே இல்லை. இக்கட்டுரையில் மன்னார்க் கரையில் உள்ள அரிப்பு என்னும் ஊரை முன்வைத்து அந்த வரலாற்றின் ஒரு சிறு பகுதியைப் பதிவு செய்கிறேன்.

திறந்து காட்டும் கரை

அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்குத் தெற்கே, முசலிப் பிரிவில் உள்ள கத்தோலிக்க மீனவக் கிராமம் அரிப்பு. போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மாறிய சிறு கோட்டை ஒன்று அங்கே இடிந்து கிடக்கிறது. அல்லிராணி கோட்டை என்றும் மக்கள் அதனைச் சொல்வதுண்டு. கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1679 ஒக்ரோபரில் தப்பி வந்து அடைக்கலம் புகுந்தது இக்கோட்டையில்தான். சற்றுத் தள்ளி, முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையின் எச்சங்களைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கிக்கொண்டிருக்கிறது.

ஆளுநர் ஒருவர் இந்த வெறுங்கரையில் மாளிகை கட்டியதற்கு முத்துக்குளிப்பே காரணம். 1905இல் நடந்த குளிப்பில் மாத்திரம் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் எஞ்சியவை அரசுக்கும் சென்றன. படகுகள் கரையேறியதும் சிப்பிகள் முழுவதும் அரசாங்கக் கொட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காவலர் முன்னிலையில் பங்கிடப்பட்டன. வழியில் சிப்பியைத் திறந்து முத்தை ஒளித்துவிடுவார்கள் என்ற அச்சம் அதிகாரிகளுக்கு எப்போதும் இருந்தது. ‘உன்னிடம் இருப்பதைத் திறந்து காட்டு’ என்று அதிகாரம் கேட்பது இக்கரைக்குப் புதிதன்று.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகங்கள் என நீண்டது அந்தப் பட்டியல். மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் சென்றது. பெற்றோல் கிடைத்தாலும் அதன் விலை சாதாரண மக்களால் எண்ணிப் பார்க்க முடியாததாக இருந்தது.

அந்த வேளையில் கைகொடுத்தவை, பழசாகிவிட்டன என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொரிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள். இவற்றின் இயந்திரங்கள் எரிபொருள் கலவையைக் குறைந்த அளவிலேயே அழுத்துபவை. ஆகவே, தரம் குறைந்த எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே, கார்பரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்குவார்கள். அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி இல்லாத காரை முன்புறத்தில் கம்பியைச் செருகிச் சுழற்றியோ, நாலு பேர் சேர்ந்து தள்ளியோ இயக்கினார்கள். கரும்புகை எழும். பிளக்கில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். இவை ஒவ்வொன்றுக்கும் கராச்சுகளில் ஒரு கைவைத்தியம் பிறந்தது.

இந்த நுட்பம் வானத்திலிருந்து குதித்தது அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுமாறே தயாரிக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. இலங்கை மீனவர் படகுகளில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களில் பலவும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவைதாம். அரிப்பு போன்ற கரையோர ஊர்களின் இளைஞர்கள், தந்தையின் படகில் கற்ற பாடத்தைத் தெருவிலே நின்ற காரில் எழுதிப் பார்த்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கி மீது வெடிமருந்து லொறி மோதிய பின்னர், தென்னிலங்கையிலும் டிக்கி சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. வவுனியாவைக் கடந்தால் ஒரு தரப்பின் சாவடி, அதனைத் தாண்டினால் மறு தரப்பின் சாவடி. மன்னார்ப் பக்கத்தில் உயிலங்குளம். பத்திரிகையாளன் என்ற அடையாள அட்டை என் சட்டைப்பையில் இருந்தும், டிக்கியைத் திறக்காமல் நான் கடந்த சாவடி ஒன்றேனும் நினைவில் இல்லை. மூடி சரியாகத் திறக்காத கார், சாவடியில் ஆபத்தான கார். பூட்டு இறுகி, சிப்பாய் பொறுமை இழந்து நிற்கையில் ஓட்டுநர் வியர்த்ததைப் பல தடவை கண்டிருக்கிறேன். அதனால், இயந்திரத்துக்கு அடுத்தபடியாகக் கராச்சுகளில் கவனமாகப் பார்க்கப்பட்ட உறுப்பு டிக்கிப் பூட்டுத்தான். உயிர் அதிலும் தங்கியிருந்தது.

2007 செப்டெம்பரில் சிலாவத்துறைப் பகுதியைப் படையினர் கைப்பற்றியபோது அரிப்பு மக்கள் இடம்பெயர்ந்தனர். கட்டிக் கொண்டுபோக முடிந்தவற்றைக் கொண்டுபோயினர். மற்றவை மணலோடு மணலாயின. அதே முசலியிலிருந்து 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களுக்குக் கட்டிக்கொள்ளக்கூட அவகாசம் இருக்கவில்லை என்பதையும் இங்கே எழுதாமல் விடுவது முறையன்று.

தானாக மூடும் மூடி

போர் முடிந்தபின் வடக்கின் வீதிகளில் யப்பானிய வாகனங்கள் பெருகின. அவற்றோடு வந்தது, பொத்தானை அழுத்தினால் தானாகத் திறந்து மூடும் டிக்கி. அமெரிக்கச் சிறு வான்களில் இது 2000களின் தொடக்கத்தில் அறிமுகமாகி, பின்னர் உலகெங்கும் பரவியது. எளிமையாகச் சொன்னால், இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மின்மோட்டார் ஒன்று மூடியைக் கீழே கொண்டுவருகிறது. பூட்டுக்குள் இருக்கும் இன்னொரு சிறு மோட்டார், நகம் போன்ற கொக்கியைச் சுழற்றி, மூடியின் கடைசிச் சில மில்லிமீற்றரை இறுக இழுத்துப் பூட்டுகிறது. கொக்கி எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சின்னஞ்சிறு சுவிட்சுகள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கின்றன. கை அகப்பட்டுவிட்டது போன்ற தடையை உணர்ந்தால் மூடி மீண்டும் மேலே எழும்.

அரிப்பில் என் மைத்துனரின் வான் ஒன்றுக்கு வந்த நோய் இதுதான்: மூடி இறங்கும், தொடும், ‘பீப்’ என்னும், மறுபடி மேலே போகும். நகரத்துப் பெரிய நிறுவனம் ஒன்றில் காட்டியபோது, பூட்டையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 நெருக்கடியில் ரூபாவும் வீழ்ந்த பின்னர், அவர்கள் சொன்ன தொகை மைத்துனரின் பல மாத உழைப்புக்குச் சமமாக இருந்தது.

ஊரில், தடைக்காலத்தில் கராச் வைத்திருந்த எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மைத்துனர் அவரை அழைத்து வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் கணினியை வைத்துப் பரிசோதிக்கவில்லை. வேலைக்கு முன் மூடிக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். பிறகு, மூடி மேலே நிற்கும்போதே பூட்டின் கொக்கியை ஒரு திருகுச்சாவியின் முனையால் மெல்லத் தள்ளி, மூடியது போன்ற நிலைக்குக் கொண்டுவந்தார். உள்ளே இருந்த மோட்டார் முனகியதே தவிர, கொக்கியை முழுதாக இழுக்கவில்லை.

“தம்பி, பூட்டுச் சாகேல்லை. உப்புப் பிடிச்சிருக்கு” என்றார்.

பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பூட்டை வெளியே எடுத்தார். பழைய கிறீசோடு உப்பும் கடற்கரைப் பொடிமணலும் சேர்ந்து களியாக இறுகியிருந்தன. அதனைத் துடைத்து, மின் இணைப்புகளைச் சுத்தமாக்கும் திரவத்தைச் சுவிட்சுகளுக்கு அடித்து, காயவிட்டு, வெள்ளைக் கிறீஸ் பூசினார். அத்தோடு நிறுத்தவில்லை. மூடிக்கும் உடலுக்கும் இடையே வயர்கள் செல்லும் மடிப்பு றப்பர் குழாயை இழுத்துப் பார்த்தார். மூடி திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த வயர்கள் மடிந்து நிமிர்கின்றன. மேலுறை வெடித்து, ஒரு வயரின் செம்பு நூல்கள் அநேகமாக அறுந்திருந்தன. புதிய துண்டு வயர் வைத்து, ஈயம் ஒட்டி, உறையிட்டார். மூடியைத் தாங்கும் வாயுத் தண்டுகளில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. அவற்றுள் அழுத்தம் அடைபட்டிருக்கிறது, பிரிக்க முயல்வது உயிராபத்து என்றார்.

பற்றரியைப் பொருத்தியதும் மூடி உடனே வேலை செய்யவில்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் அளவுகளை மறந்துவிடுவதுண்டு. பெரியவர் மூடியைக் கையால் முழுதாக மூடிப் பூட்டிவிட்டு, பிறகு பொத்தானை அழுத்தச் சொன்னார். மூடி எழுந்து, இறங்கி, பூட்டிக்கொண்டது. இந்த முறை வாகனத்துக்கு வாகனம் வேறுபடும் என்பதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது. செலவு இரண்டாயிரம் ரூபாவுக்குள் அடங்கியது. எல்லாப் பூட்டும் இப்படித் தேறிவிடாது. சில நேரம் மோட்டாரே எரிந்துபோயிருக்கும். அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால், மாற்றுவதற்கு முன் பார்ப்பது என்ற ஒரு படி உண்டு. அந்தப் படியைத்தான் நாம் இழந்து வருகிறோம்.

எழுதப்படாத அறிவு

2022இல் முழு இலங்கையும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, அரிப்பு மீனவரின் படகுகள் கரையிலேயே கிடந்தன. தென்னிலங்கை நண்பர்கள், “நீங்கள் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு நல்ல நூல் என்னிடம் இருக்கவில்லை. போரின் தாக்குதல்களையும் பேச்சுவார்த்தைகளையும் பற்றி நாம் அலுமாரி நிறைய எழுதிவிட்டோம். அந்நாள்களில் ஒரு காரை, ஒரு நீரிறைக்கும் இயந்திரத்தை, சைக்கிள் டைனமோவில் பாடிய ஒரு வானொலியை ஓடவைத்த கைகளைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு.

அந்தத் தடையை நான் இனிமையான நினைவாக்க விரும்பவில்லை. மருந்து கிடைக்காமல் மாண்டவர்கள் இருக்கிறார்கள். வறுமை ஒரு பல்கலைக்கழகம் என்று வசதியோடு இருப்பவர்கள் சொல்லலாம். அதில் படித்தவர்கள் சொல்லமாட்டார்கள். ஆயினும், அந்தக் கொடுமைக்கு நடுவே மனிதர் உண்டாக்கிய அறிவை அந்தக் கொடுமையோடு சேர்த்துப் புதைத்துவிடுவது இரண்டாவது இழப்பு.

நோர்த்தின் மாளிகையைக் கடல் கொண்டுபோனாலும் அதன் வரைபடங்களும் வருணனைகளும் நூலகங்களில் இருக்கும். தடைக்காலக் கராச்சுகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவற்றை நடத்தியவர்கள் இன்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் வீட்டுக் காரின் டிக்கி ஒருநாள் தானாக மூட மறுத்தால், விலை கேட்டுத் தொலைபேசியை எடுக்கும் முன் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். பூட்டு திருந்துகிறதோ இல்லையோ, அவர் சொல்லத் தொடங்குவார். அதனை யாராவது எழுதிவைக்க வேண்டும்.