திகில் குறும்படத் தொகுப்பு

திகில் குறும்படத் தொகுப்பு என்பது, பேச்சு வழக்கில் திரில்லர் எனப்படும் வகையைச் சேர்ந்த குறும்படம் ஒன்றிற்காக எடுக்கப்பட்ட ஷாட்டுகளையும் ஒலிகளையும் தேர்ந்து, வெட்டி, வரிசைப்படுத்தி முழுமையான படமாக்கும் பணியாகும். திரைப்படப் பயிற்சி நிறுவனங்களிலும், காட்சித் தொடர்பியல் துறை உள்ள கல்லூரிகளிலும் மாணவர்கள் தம் படிப்பின் ஒரு பகுதியாக இத்தகைய படங்களை எடுக்கின்றனர். பிற வகைப் படங்களில் தொகுப்பில் நேரும் பிழை சலிப்பை உண்டாக்கும். திகில் படத்திலோ கதையையே குலைத்துவிடும். ஒரு தகவல் பார்வையாளருக்கு எப்போது தெரியவேண்டும் என்பதே இவ்வகையின் உயிர்நாடி. அது இறுதியாக முடிவாவது தொகுப்பு மேசையில்தான்.

தமிழ்நாட்டில்

தமிழ்த் திரையுலகில் மர்மக் கதைக்கு நீண்ட மரபு உண்டு. எஸ். பாலச்சந்தர் இயக்கிய அந்த நாள் (1954) பாடல்களே இல்லாமல், ஒரு கொலையைப் பலரது கூற்றுகளின் வழியாகச் சொன்ன படமாகும். மாணவர் படங்களில், சென்னை தரமணியில் உள்ள திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஆபாவாணன் பயின்றபோது உருவான மர்டர் எக்கோ என்ற குறும்படம் குறிப்பிடத்தக்கது. இதன் அடிப்படையிலேயே ஊமை விழிகள் (1986) திரைப்படம் உருவானது. ஆபாவாணன் தயாரிக்க, ஆர். அரவிந்த்ராஜ் இயக்கி, விஜயகாந்த் நடித்த இப்படத்தின் வெற்றி, பயிற்சி நிறுவன மாணவர்களாலும் பெருந்திரைக்குப் படமெடுக்க இயலும் என்ற நம்பிக்கையை ஏற்படுத்தியது.

படச்சுருள் காலத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த சுருளின் அளவே தொகுப்பின் எல்லையையும் வரையறுத்தது. 35 மி.மீ. சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் ஒன்று நான்கரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். ஆகவே எந்த ஷாட் எங்கே வெட்டப்படும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே தாளில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. எண்ணிமப் பதிவு வந்தபின் இக்கட்டுப்பாடு நீங்கியது. பத்து நிமிடப் படத்திற்குப் பல மணிநேரக் காட்சிகள் குவிவது இன்று இயல்பு. குவியலிலிருந்து பொறுக்குவதே இப்போது பெரும் வேலை எனலாம்.

2009 இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய நாளைய இயக்குனர் நிகழ்ச்சி குறும்படத்திற்குப் பரந்த பார்வையாளர்களைத் தேடித்தந்தது. அதில் பங்கேற்ற கார்த்திக் சுப்புராஜின் முதல் முழுநீளப் படமான பீட்சா (2012) திகில் வகையைச் சேர்ந்தது. அதன் படத்தொகுப்பாளர் லியோ ஜான் பால்.

தகவலை நிறுத்திவைத்தல்

எதிர்பாரா அதிர்ச்சிக்கும் பதைப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவுடனான உரையாடலில் விளக்கியுள்ளார். மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டு முன்னறிவிப்பின்றி வெடித்தால் கிடைப்பது 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்வையாளர் மட்டும் அறிந்திருந்தால் 15 நிமிடப் பதைப்பு.

பத்து நிமிடக் குறும்படத்தில் அவ்வளவு நேரம் கிடையாது. எடுத்துக்காட்டாக, விடுதி அறையில் தனியே படிக்கும் ஒருத்தி, வெளியிலிருந்து மெல்ல நகர்த்தப்படும் தாழ்ப்பாள் என இரண்டு ஷாட்டுகள் உள்ளன எனக் கொள்வோம். தாழ்ப்பாளை முதலில் காட்டினால் அவள் பக்கம் புரட்டுவதும் பதைப்பைத் தரும். அவள் திரும்பிப் பார்த்தபின் காட்டினால் அதே ஷாட் வெறும் விடையாகிவிடும். காட்சிகள் மாறவில்லை, வரிசை மட்டுமே மாறியது. ஒரே முகத்தின் பொருள் அடுத்துவரும் ஷாட்டால் மாறுகிறது என ரஷ்ய இயக்குனர் லேவ் குலெஷோவ் செய்துகாட்டிய சோதனையும் இதையே உணர்த்துகிறது.

மாணவர் படங்களில் இயக்குனரே தொகுப்பாளராகவும் இருப்பது வழக்கம். அல்போன்ஸ் புத்திரன் போலத் தம் படங்களைத் தாமே தொகுக்கும் திரைப்பட இயக்குனர்களும் உண்டு. எனினும் கொலையாளி யாரென முன்பே அறிந்தவருக்குத் தடயம் போதுமானதா, மிகையா என்பது புலப்படுவதில்லை. கதையை அறியாத ஒருவருக்கு முதல் தொகுப்பைப் போட்டுக்காட்டி, அவர் எந்த இடத்தில் ஊகித்தார் என்று கேட்பதே இதற்குரிய எளிய சோதனை. நண்பர்களில் பெரும்பாலோர் நடித்திருப்பார்கள் என்பதால் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று.

ஒலி

மாணவர் படங்கள் பெரிதும் தடுமாறுவது ஒலியிலாகும். ஒவ்வொரு அறைக்கும் மின்விசிறி, தெரு ஆகியவை கலந்த ஓர் அடியொலி உண்டு. படப்பிடிப்பின்போது அதைத் தனியே அரை நிமிடமேனும் பதிந்துகொண்டால், வெட்டுகளுக்கிடையே பரப்பி ஒலித் தாவல்களை மறைக்கலாம். அம்பத்தூர், ஆவடி போன்ற, மின்தொடர் வண்டிகள் அடிக்கடி செல்லும் புறநகர்ப் பகுதிகளில் இது இன்றியமையாதது. ஒரு ஷாட்டில் கேட்கும் வண்டியோசை அடுத்ததில் திடீரென நின்றால், பார்வையாளர் அதைத் தடயமென்றே எண்ணிவிடக்கூடும். அடுத்த காட்சியின் ஒலியை ஓரிரு நொடி முன்னதாகத் தொடங்குவது பதைப்பைக் கூட்டும். பின்னணி இசையை இறுதியில் சேர்ப்பதே நன்று. தொடக்கத்திலேயே சேர்த்தால் தளர்ந்த வெட்டுகளை அது மறைத்துவிடும்.

நுட்பச் சிக்கல்கள்

நொடிக்கு 30 சட்டகம் பதியும் கைப்பேசிக் காட்சியை 25 சட்டகப் படத்தில் சேர்க்கும்போது ஆறில் ஒரு சட்டகம் கழிவதால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். இந்திய மின்னோட்டம் 50 எர்ட்சு என்பதால், குழல்விளக்கொளியில் மூடி வேகம் 1/50 அல்லது 1/100 நொடியாக இல்லாவிடில் காட்சி மினுக்கும். பின்னர் இதைத் திருத்துவது கடினம்.

மீண்டும் படமெடுக்க இயலாத இடங்களும் உண்டு. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் வான்படை நிலையம் அமைந்துள்ளது. இத்தகைய பாதுகாப்புத் துறை வளாகங்களைப் படமெடுக்கத் தடை உள்ளதால், பின்னணியில் அவை பதிவான ஷாட்டுகளைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. அந்நிலையில் கை, கதவு, கடிகாரம் போன்ற அண்மைக் காட்சிகளை வேறிடத்தில் எடுத்து இடையில் பொருத்துவர்.