கருவிழி மாற்று நிராகரிப்பு

இறந்தோர் கண்ணினின்றும் எடுத்துப் பொருத்தப்பெற்ற கருவிழியை, ஏற்றவரின் சரீரம் அந்நியமென்று அறிந்து, தன் வெள்ளையணுக்களை ஏவிக் கலங்கச் செய்வதே கருவிழி மாற்று நிராகரிப்பு எனப்படும். 1905 டிசம்பர் 7-ஆம் நாள், இன்றைய செக் நாட்டின் ஓலொமூக் நகரில், சுண்ணாம்பினால் கண்கள் வெந்துபோன ஒரு கூலியாளுக்கு எட்வர்ட் சிர்ம் செய்த சிகிச்சையே இத்துறையின் முதல் வெற்றி. இயல்பாகக் கருவிழியில் இரத்தநாளங்கள் இல்லையாதலால் பொருத்திய படலம் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. எனினும் தெளிந்திருந்த படலமும் சில மாதங்கள் சென்றபின் திடீரென மங்குவதற்கு எதிர்ப்புச் சக்தியே காரணம் என்பதை, 1951-இல் அமெரிக்கரான மாமெனீ முயல்களில் சோதித்துக் காட்டினார்.

அதே காலத்தில் வழக்குக்கு வந்த ஸ்டீராய்டு மருந்துகள் இந்நிராகரிப்பைத் தடுப்பதில் இன்றளவும் முதலிடம் வகிக்கின்றன. ஆனால் அவை எதிர்ப்புச் சக்தி முழுவதையும் கண்மூடித்தனமாக அடக்குவதோடு, கண்ணழுத்தத்தையும் புரையையும் விளைவிக்கக் கூடியவை. ஆகவே ஆராய்ச்சியாளர் குறிப்பிட்ட இலக்கைத் தாக்கும் ஔஷதங்களை நாடினர். நார்வே மண்ணின் பூஞ்சையினின்றும் பெற்ற சைக்ளோஸ்போரினும், 1984-இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் வாழும் நுண்ணுயிரில் கண்டறிந்த டாக்ரோலிமஸும், வெள்ளையணுக்களில் ஒருவகையான டி அணுக்களுக்குள் இருக்கும் கால்சிநியூரின் என்னும் நொதியைத் தடுத்து, அவ்வணுக்கள் பெருகாவண்ணம் செய்கின்றன. பெவாசிசுமாப் என்பதோ, 2004-இல் குடற் புற்றுநோய்க்கென்று அங்கீகாரம் பெற்றது. புதிய இரத்தநாளங்களை வளர்க்கும் புரதத்தைக் கட்டிப்போடுவது. வெள்ளையணுக்கள் படலத்தை அடையும் பாதை அந்நாளங்களே ஆதலால், நாளம் படர்ந்த கண்களில் அதைப் பிரயோகித்துப் பார்த்தனர்.

ஐதராபாத்துக்கு இத்துறையில் பெயர் வாங்கித் தந்தது, குல்லப்பல்லி நாகேஸ்வர ராவ் 1987-இல் நிறுவிய எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம். ‘மனோகரா’ திரைப்படத்தை இயக்கிய அதே பிரசாத் அதற்கு நிலமும் பொருளும் ஈந்தவர் என்பது தமிழர்க்கு உவப்பான செய்தி. 1989-இல் ராமாயம்மா கண் வங்கி அதனுடன் சேர்ந்தது. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட் வெடித்துக் கண் வெந்த சிறுவர் முதலியோரிடம், கருவிழியின் விளிம்பிலுள்ள மூல அணுக்களே அழிந்துபோய் நாளங்கள் படர்ந்துவிடுவதால், பிறர் கருவிழி அங்கே தங்குவது அரிது. 2012-இல் இந்நிலையத்தின் வீரேந்தர் சங்வானும் தோழர்களும், நோயாளியின் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சுமார் 2 மி.மீ. சதுரத் துணுக்கை எடுத்து, நறுக்கி, வெந்த கண்ணில் விரித்த பனிக்குடப் படலத்தின்மேல் பசையால் ஒட்டும் முறையை வெளியிட்டனர். சொந்தத் திசுவாகையால் அத்துணுக்கிற்கு நிராகரிப்பு நேர வழியில்லை. எந்த நூதன மருந்தையும்விட இதுவே சிறந்த தடுப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் இரு கண்களும் வெந்தோர்க்கு உறவினரிடமோ இறந்தோரிடமோ அத்திசுவைப் பெற்றாக வேண்டும்; விளிம்பில் இரத்தநாளங்கள் நிறைந்திருப்பதால் அங்கே நிராகரிப்பு உக்கிரமாகும். அதைத் தடுக்கச் சைக்ளோஸ்போரின் போன்ற மாத்திரைகளை, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் அடிக்கடி சோதித்துக்கொண்டே, நெடுநாள் உட்கொள்ள நேரிடுகிறது.